பாங்கொக் ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு டென்மார்க்கின் பிராண்டே ஊர் விளையாட்டு மண்டபத்தில் பாங்கொக் நகரம் கட்டப்படும். இரண்டு மணிக்குப் பட்மின்ரன் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்பதால் ஒன்றே முக்காலுக்கு அது இடிக்கப்படும். இடைப்பட்ட நேரத்தில் பதினேழு தமிழர்கள் அந்த நகரத்தில் தொலையாமல் இருக்கப் பழகவேண்டும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் சுற்றுலாச் சங்கத் தலைவர் இராசரத்தினம். மனிதர் காற்றாலைச் சிறகுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்துநாலு வருடம் தரம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். சோதித்துப் பார்க்காத ஒரு சிறகும் தன்னைத் தாண்டி வெளியே போனதில்லை என்பதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். போன தடவை பாரிசுக்குப் போனபோது தேவராசா ஏழு மணித்தியாலம் காணாமற் போய், கடைசியில் ஒரு சேலைக்கடைக்குள் கதிரை போட்டுக் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். அன்று பஸ்ஸில் காத்திருந்த ஏழு மணித்தியாலத்தில் இராசரத்தினத்தின் மனத்தில் ஏதோ ஒன்று கழன்றிருக்கவேண்டும்.

டென்மார்க்கில் மூன்று பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வதென்றால் அதற்கு ஒரு சங்கம் வேண்டும். சங்கத்துக்கு யாப்பு என்ற விதிக்கோவை வேண்டும். யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பாங்கொக் பயணத்துக்கு முன் ஐந்து ஞாயிறு ஒத்திகை நடக்கும் என்றும், ஒத்திகையில் மூன்று தரம் தொலைகிறவரின் பெயர் பயணப் பட்டியலிலிருந்து வெட்டப்படும் என்றும் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. பதினாலு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. தேவராசா நித்திரை.

நகரத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு மீற்றர் என்ற கணக்கில் இராசரத்தினம் அதை அளந்து வைத்திருந்தார். வடக்கிலிருந்து தெற்காக நெளிந்து போகும் சாவோ பிரயா ஆறு, தரையில் விரித்த ஒரு நீலத் தறப்பாள். அதன் மேற்குக் கரையில் அருணோதயக் கோவில், மெத்தைகளை அடுக்கியது. கிழக்குக் கரையில் அரண்மனை, பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் மரப்பெட்டி. பக்கத்தில் படுத்திருக்கும் புத்தர். அதற்கு நீளமான ஒரு மெத்தை. ஏறி நடக்கக்கூடாது, செருப்பைக் கழற்றவேண்டும். சீனக் கடைத்தெரு, சீலோம் தெருவில் மாரியம்மன் கோவில், நகரத்தின் முதுகெலும்பாகக் கிழக்கே ஓடும் சுகும்வித் வீதி. வானத்தில் ஓடும் ரயிலுக்கு உடற்பயிற்சிக்கான வாங்குப் பலகைகளை வரிசையாகப் போட்டிருந்தார். அதில் ஏறி நடக்கிறவர்கள் நிலையங்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். வாகன நெரிசல் இல்லாமல் பாங்கொக் பாங்கொக் ஆகாது என்று முதியோர் இல்லத்தில் கழித்துவிட்ட எட்டு நடைவண்டிகளைக் கேட்டு வாங்கி, குறுக்கும் மறுக்குமாக நிறுத்தினார். எல்லாரும் அவற்றுக்கு இடையில் அசையாமல் இருபது நிமிடம் நிற்கவேண்டும். வெக்கைக்குப் பழக வேண்டுமல்லவா? மண்டபத்தின் சூட்டை இருபத்திரண்டுக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று பொறுப்பாளர் பிரெபன் கையை விரித்துவிட்டார். ஆகவே உள்ளே வரும்போது எல்லாரும் பனிக்காலக் கோட்டை நாடிவரை பூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவானது.

தொடக்கத்தில் ஒரு பிரார்த்தனையும் உண்டு. அந்த நகரத்தின் முழுப்பெயர் உலகத்திலேயே நீளமானதாம். குருங்தேப் மகாநகோன் அமோன் ரத்தனகோசின் என்று தொடங்கி மூச்சு வாங்கும்வரை போகும். ரத்தனம் என்று தன் பெயரே அதற்குள் இருப்பதில் இராசரத்தினத்துக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அந்த இடம் வரும்போது நெஞ்சை நிமிர்த்துவார்.

மேரிகிறேஸ் இந்தப் பதினேழு பேரில் ஒருத்தி. மன்னார்க்காரி, வயது ஐம்பத்தொன்பது. அந்த நடைவண்டிகள் வந்தது அவள் வேலைசெய்யும் இல்லத்திலிருந்துதான். அவளுக்குக் கடவுள் நல்ல கையைக் கொடுத்தார், நல்ல மனதைக் கொடுத்தார், திசையை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். பக்கத்து ஊரான ஹேர்னிங்கின் கடைத்தொகுதியில் தன் காரைத் தேடி இரண்டு மணித்தியாலம் சுற்றி, கடைசியில் காவலாளி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள். "தனியாகப் போவதென்றால் நினைத்தும் பார்க்காதே, குழுவோடு என்றால் போ" என்று கோப்பன்ஹேகனில் இருக்கும் மகள் றொஷானி டேனிஷில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். புருஷன் கண்மூடி ஆறு வருடம்.

அரண்மனையும் வேண்டாம், புத்தரும் வேண்டாம். மேரிகிறேசுக்கு வேண்டியது நாலாம் நாள். பயணத் திட்டத்தில் அன்றைக்கு ஐந்து மணித்தியாலம் சுயநேரம் என்று போட்டிருந்தது. அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் அவள் தன் தம்பி யூட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும். பத்தொன்பது வருடமாகப் பார்க்கவில்லை.

யூட் பாங்கொக்கில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. சுற்றுலா விசாவில் போய் இறங்கி, அகதி என்று ஐ.நா. அட்டை ஒன்று எடுத்துவிட்டுப் பதினொரு வருடமாக வேறு நாட்டுக்காகக் காத்திருக்கிறான். அந்த அட்டையைப் பொலிஸ் மதிக்காது. பிடித்தால் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். அதனால் அறை அறையாக மாறுவான், ஒழுங்கை முனையில் உள்ள கடையைத் தாண்டிப் போகமாட்டான். இப்போதிருக்கும் அறைக்கு வந்து இரண்டு மாதம்தான். "அக்கா, நான் இருக்கிற இடத்தை ஒரு குஞ்சுக்கும் சொல்லிப்போடாதை" என்று அவன் ஒவ்வொரு தரமும் சொல்வான். டென்மார்க் அவனுக்கு விசா மறுத்தது இரண்டு தரம்.

ஞாயிறு ஒத்திகை முடிந்ததும் அவள் காருக்குள் இருந்தே தம்பிக்குப் போன் எடுப்பாள். அவன் போனின் முகம் உடைந்து பாதி கறுத்துப்போய்க் கிடந்தது. படம் ஒன்றும் தெரியாது, குரல் மட்டும்தான்.

"இண்டைக்கு அரண்மனை பாத்தனான் தம்பி. அதுக்கு முன்னால ஒரு பெரிய வெளி."

"அப்பிடியே? நான் காணேல்ல அக்கா."

"ஆத்தில வள்ளம் போகுமாம். நீ ஏறினனியே?"

"எங்கை ஏறிறது? நீ ஏறினால் சொல்லு, எப்பிடி எண்டு."

பதினொரு வருடம் பாங்கொக்கில் இருப்பவனுக்குப் பிராண்டேயிலிருந்து பாங்கொக்கைச் சொல்லிக்கொடுப்பதை நினைத்து அவள் போனை வைத்த பிறகு அழுவாள், பிறகு சிரிப்பாள். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தரம் பிழையாகத் திரும்புவாள்.

முதல் தரம் அவள் தொலைந்தது உண்மையாகவே தொலைந்ததுதான். மாரியம்மன் கோவிலிலிருந்து ஆற்றுக்குப் போகச் சொன்னார்கள். மண்டபத்துத் தரையில் ஏற்கெனவே கீறியிருந்த பட்மின்ரன் கோட்டைச் சீலோம் தெருவென்று நம்பி, நேரே போய்ப் பெண்கள் குளிக்கும் அறைக்குள் நுழைந்துவிட்டாள். இராசரத்தினம் விசில் ஊதினார். செயலாளர் சயந்தினி குறிப்பேட்டில் எழுதினாள்.

இரண்டாம் தரம் தொலைந்தது வேறு விதம். யூட் இருக்கும் இடம் நகரத்துக்கு வெளியே, வடக்கே. வெற்றித் தூபியிலிருந்து நேர் வீதியில் இருபத்தாறு கிலோமீற்றர் என்று அவன் ஒருநாள் சொன்னான். இராசரத்தினத்தின் கணக்கில் ஐம்பத்திரண்டு மீற்றர். மண்டபமோ தூபியிலிருந்து பத்து மீற்றரில் முடிந்துவிடுகிறது. மேரிகிறேஸ் அவசரக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். வாய்க்குள் எண்ணியபடி வாகனத் தரிப்பிடத்தைக் கடந்தாள். ஐம்பத்திரண்டாவது மீற்றரில் சைக்கிள் கொட்டகை இருந்தது. அதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். விசில் கேட்டது. எங்கே போனாய் என்று கேட்டதற்குக் காற்று வாங்கப் போனேன் என்றாள். நகர எல்லைக்கு வெளியே நின்றால் தொலைந்ததாகவே கொள்ளப்படும் என்று யாப்பை எடுத்து வாசித்தார் தலைவர்.

கடைசி ஒத்திகை அன்று மழை. இன்றைக்கு அசையவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் வந்தாள். நடைவண்டிகளுக்கு இடையில் இருபது நிமிடம் வேர்த்து விறுவிறுத்து நின்றாள். வாங்கில் ஏறி நிலையங்களைப் பிழையில்லாமல் ஒப்புவித்தாள். அதற்குப் பிறகு இராசரத்தினம் சுயநேரம் பதினைந்து நிமிடம் என்று அறிவித்தார். ஆட்கள் சந்தைக்கும் பூங்காவுக்குமாகச் சிதறினார்கள். அவளுக்குக் கால் உள்ளே நிற்கமாட்டேன் என்றது. நாலாம் நாள் செய்யப்போவது இது ஒன்றுதான். இதை ஒத்திகை பார்க்காமல் வேறெதைப் பார்ப்பது? எண்ணியெண்ணிப் போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம். ஊதுவதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அவசரக் கதவு வெளியிலிருந்து திறக்காது என்பது அவள் கணக்கில் இல்லை. போன தரம் அதை ஒரு பந்துக்கூடை மூடவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குக் கீழே நின்றபோது அவளுக்குத் தம்பியோடு கதைக்கவேண்டும் போல இருந்தது. அங்கே இரவு ஏழு மணியாகியிருக்கும், சாப்பிட இருந்திருப்பான். போன் எடுத்தாள்.

"யூட், நான் உன்ர வாசலில நிக்கிறன்" என்றாள், ஒரு பகிடிக்கு.

"என்னக்கா சொல்லுறாய்? என்ன வாசல்?"

அந்த நேரம் பார்த்து அவசரக் கதவு படாரென்று திறந்தது. இராசரத்தினம் தொழிற்சாலையில் பழகிய நெஞ்சைக் கொண்டு நீளமாக விசில் ஊதினார். அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு கூட்டமே, "அங்கை நிக்கிறா! பிடியுங்கோ, பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டு வந்தது.

போனில் ஏதோ விழுந்து உடைந்தது. ஒரு கதவு அடிபட்டது. பிறகு ஒன்றுமில்லை.

மேரிகிறேசுக்கு உடனேயே விளங்கிவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தாள், அவன் தூக்கவில்லை.

"மூண்டாம் தரம், தங்கச்சி" என்றார் இராசரத்தினம். குரலில் உண்மையான கவலை இருந்தது. "எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் விதி விதிதானே. சயந்தினி, எழுதுங்கோ."

"நான் துலையேல்ல அண்ணை!" என்று அவள் கத்தினாள். "என்ர தம்பி இங்கைதான் இருக்கிறான். இந்த இடத்திலதான். நீங்கள் ஊதினதைப் பொலிஸ் எண்டு நினைச்சு ஓடிட்டான். பதினொரு வருசமா ஒளிச்சு வச்சிருந்த பிள்ளையை ஒரு விசிலால கலைச்சுப்போட்டியள்."

சைக்கிள் கொட்டகைக்குள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரையும் காணவில்லை. அவள் அழுதழுது முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பதினாறு பேரும் மழைக்குள் நனைந்தபடி நின்றார்கள். இராசரத்தினம் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, அதைத் துடைத்து, மறுபடி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்திருந்தார்.

பன்னிரண்டு நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

"அக்கா, ஆர் அவங்கள்?" யூட்டுக்கு மூச்சு இழுத்தது.

"ஒருத்தரும் இல்லையடா. நான் பிராண்டேயில. எங்கடை சனம். ஐயோ, என்னை மன்னிச்சுக்கொள்ளு தம்பி. நீ எங்கை நிக்கிறாய்?"

"தெரியேல்ல. பின்மதிலால குதிச்சு ஓடினனான். ஒரு வாய்க்கால். ஒரே இருட்டு. ஒரு காலில செருப்பில்லை. ஆரையும் கேக்கவும் பயமாக் கிடக்கு. போனில சார்ஜும் பத்துக்குக் கீழ எண்டு கத்துது அக்கா."

மேரிகிறேஸ் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கைப்பையின் உள்ளறையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்தாள். யாருக்கும் காட்டமாட்டேன் என்று தம்பிக்குச் சத்தியம் செய்து கொடுத்த விலாசம். அதை இராசரத்தினத்திடம் நீட்டினாள்.

இராசரத்தினம் தன் ரப்லெற்றை ஒரு காரின் மூடியில் வைத்தார். தேவராசா அதற்குக் குடை பிடித்தார். வானத்திலிருந்து பார்த்த படத்தில் ஒழுங்கை தெரிந்தது, பின்மதில் தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது.

"என்ன தெரியுது எண்டு கேள்" என்றார் அவளிடம்.

"ரயர் குவிச்சு வச்ச கடை ஒண்டாம். பாலம் ஒண்டு தாண்டினவனாம். இல்லை, ரெண்டாம்."

"கண்டிட்டன்! நானூற்றெண்பது மீற்றர் ஓடியிருக்கிறான்." பிறகு அவர் முகம் மாறியது. "ஆனால் எங்கடை அளவுக்கு இது ஒரு மீற்றரும் வராது. அளவை மாத்தவேணும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர்."

"மாத்துங்கோவன் அண்ணை!"

"அது யாப்புத் திருத்தம், தங்கச்சி. மூண்டில ரெண்டு பங்கு வேணும்."

மழைக்குள் பதினேழு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. தேவராசா குடை பிடித்த கையையும் சேர்த்து இரண்டு கையைத் தூக்கியதால் ரப்லெற் நனைந்தது. ஏகமனதாக நிறைவேறியது என்று சயந்தினி எழுதிக்கொண்டாள்.

ஆற்றை உள்ளே போய் இழுத்துக்கொண்டு வந்து தரிப்பிடத்தின் குறுக்கே விரித்தார்கள். அது வாய்க்கால் ஆயிற்று. இரண்டு நடைவண்டிகளைச் சரித்துப் போட்டார்கள், அவை பாலம். குப்பைத் தொட்டி ரயர்க்கடை. மேரிகிறேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். படத்தைக் காட்டினால் அவளுக்கு ஒன்றும் ஏறாது, நடந்தால்தான் விளங்கும். யூட்டோ அவள் குரலைத் தவிர வேறு குரலுக்கு அசையமாட்டான். ஆகவே இராசரத்தினம் அவளுக்குச் சொன்னார், அவள் நடந்தாள், நடந்ததைத் தம்பிக்குச் சொன்னாள்.

"வாய்க்கால் உன்ர வலக்கைப் பக்கம் இருக்கோணும். இருக்கே?"

"ஓம்."

"அப்பிடியே வா. நானும் வாறன்."

அப்போது பட்மின்ரன்காரர் ஒருவரின் கார் உள்ளே வந்தது. தேவராசா பாய்ந்து முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து, இங்கே வாய்க்கால் இருக்கிறது என்று டேனிஷில் சொன்னார். அந்த மனிதர் நீலத் தறப்பாளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் எடுத்தார். காரை வெளியே விட்டுவிட்டு மட்டையோடு நடந்து வந்தவர் தறப்பாளை மிதிக்கவில்லை. நடைவண்டி வரை சுற்றிப் போய்ப் பாலத்தால் கடந்தார். வாசலுக்கு வந்த பிரெபனும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் பாலத்தைக் கடந்தாள். இரண்டாவதைக் கடந்தாள்.

"அக்கா!" யூட்டின் குரல் சுருங்கியது. "முன்னுக்கு ரோச் லைற்றோட ரெண்டு பேர்."

அவள் கையை உயர்த்தினாள். பதினாறு தமிழர்களும் இரண்டு டேனிஷ்காரரும் நின்ற நிலையில் நின்றார்கள். ஒருவரும் இருமவில்லை. தறப்பாளில் மழை விழும் சத்தம்கூடப் போன் வழியாக அந்த இருவருக்கும் கேட்டுவிடுமோ என்று தேவராசா குனிந்து அதன் மேல் குடையைப் பிடித்தார். மேரிகிறேஸ் மாதாவைக் கூப்பிட்டாள், வாய்க்குள்.

"நூடில்ஸ் வண்டிக்காரர் அக்கா. போயிட்டினம்."

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. இராசரத்தினம் சைகையால் இடப்பக்கம் என்று காட்டினார். அவள் இடப்பக்கம் திரும்பினாள். ஒரு பிழை இல்லை. பதின்மூன்று மீற்றர், வலம், ஆறு மீற்றர். சைக்கிள் கொட்டகையின் கம்பம் கைக்குத் தட்டுப்பட்டது.

"இப்ப உனக்கு முன்னால என்ன?"

"பச்சைக் கேற்." இரும்பில் கை படும் சத்தம் கேட்டது. "என்ர கேற்தான் அக்கா. வந்திட்டன்."

சயந்தினி தலைவரின் பக்கத்தில் வந்து, குறிப்பேட்டை நனையாமல் நெஞ்சோடு அணைத்தபடி, மூண்டாம் தரம் என்று எழுதியதை என்ன செய்வது என்று மெல்லக் கேட்டாள்.

"வெட்டுங்கோ" என்றார் இராசரத்தினம். "நாலாம் நாள் ஆரும் அவவின்ர பின்னால போகக்கூடாது எண்டு எழுதுங்கோ. நானும்தான்." முகத்தை மழைக்குக் கொடுத்துக்கொண்டு அங்காலே திரும்பி நின்றார்.

மேரிகிறேஸ் ஒன்றையும் கவனிக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உள்ளுக்குப் போயிட்டியே?"

"ஓம்."

"வாற மாதம் நான் உண்மையா வருவன். வந்து தட்டினால் திறக்கவேணும். ஓடக்கூடாது, என்ன?"

"தட்டாதை அக்கா" என்றான் யூட். "பேர் சொல்லிக் கூப்பிடு. தட்டினால் ஓடித்தான் எனக்குப் பழக்கம்."